அட்டையில் இல்லாத ஒன்பதாம் எண்

அனுப்புநர்:
எடை அளவு ஆய்வாளர் (ஓய்வு),
குடும்பத் தலைவர்,
கதவு எண் 41, தண்ணீர்த் தொட்டிக்கு எதிர் வரிசை.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
பொதுமக்கள் கருத்தறியும் அலுவலகம்,
இரண்டாம் தளம்.

பொருள்: நாட்டு அரசியல் மற்றும் அரசுக் கொள்கைகள் பற்றிய கருத்துக்கணிப்புக்கு வந்த தங்கள் களப்பணியாளரால் என் வீட்டில் பேச்சு நின்றுபோனது – தாங்கள் பணிநீக்கம் செய்த அவரை அரை மணி நேரத்துக்கு மட்டும் மீண்டும் பணியில் அமர்த்தக் கோருவது – தொடர்பாக.

பார்வை: 18ஆம் தேதி தங்கள் அலுவலகத்திலிருந்து எனக்கு வந்த மறுசரிபார்ப்புத் தொலைபேசி அழைப்பு.

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

1. நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கடைத்தெருவில் நான் நுழைந்ததும் தராசுத் தட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் காந்தங்கள் கல்லாப்பெட்டிக்குள் போய்விடும். சரியான எடைக்கல்லில் முத்திரை குத்துவது என் வேலை என்பதால் வியாபாரிகள் எனக்கு 'முத்திரை' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதை நான் குறையாக எடுத்துக்கொண்டதில்லை. நாட்டு நடப்பு பற்றி எனக்குத் தீர்மானமான கருத்துகள் உண்டு. பத்திரிகைகளுக்கு நாற்பத்தாறு கடிதங்கள் எழுதியிருக்கிறேன். இரண்டு வெளிவந்தன; அதிலும் ஒன்றைப் பாதியில் வெட்டிவிட்டார்கள். தேர்தலுக்குத் தேர்தல் கருத்துக்கணிப்பு வெளியாகும்போதெல்லாம், யாரைக் கேட்டு இதைப் போட்டார்கள், என்னைக் கேட்டார்களா என்று தெருமுனைத் தையல்காரர் கடையில் உட்கார்ந்து சத்தம் போட்டிருக்கிறேன். ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. அது எனக்கு மனக்குறைதான் என்பதை மறைக்க விரும்பவில்லை.

2. கடந்த மாதம் 3ஆம் தேதி, வியாழக்கிழமை, காலை பதினொரு மணிக்குத் தங்கள் களப்பணியாளர் வந்தார். நாற்பது வயதிருக்கும் பெண்மணி. தோளில் பை, கையில் பதில்களைப் பதியும் தொடுதிரை டேப், கழுத்தில் அடையாள அட்டை. செருப்பு வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. அடையாள அட்டையை வாங்கி எண்ணைக் குறித்துக்கொண்டு, நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுக்கச் சொல்லி, எரிபொருள் மானியம் முதல் ஓய்வு வயது வரை என் நிலைப்பாடுகளை இருபது நிமிடம் எடுத்துரைத்தேன். அவர் ஒன்றையும் குறித்துக்கொள்ளவில்லை. நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, வீட்டில் இருப்பவர்களின் பிறந்த நாள்களைக் கேட்டார். அடுத்து யாருக்குப் பிறந்த நாள் வருகிறதோ அவரிடம் மட்டுமே கேள்வி கேட்பது தங்கள் விதியாம்.

வீட்டில் நானும் என் மனைவியும் மட்டுமே இருக்கிறோம். என் பிறந்த நாள் அப்போதுதான் கழிந்திருந்தது. மனைவிக்கு வருவதற்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது என்றேன். வருகிற பதினான்காம் தேதி என்று சமையலறையிலிருந்து அவள் சொன்னாள். முப்பத்தோரு ஆண்டு இல்லறத்தில் எனக்கு அது முறையாகத் தெரிவிக்கப்படவில்லை.

இந்த வீட்டுக்கு ஒரே கருத்துதான், அதை நானே சொல்லிவிடுகிறேன் என்று விளக்கினேன். களப்பணியாளர் எழுந்து நின்று, மரியாதையாகத்தான், "ஐயா, உங்க கருத்தும் முக்கியம்தாங்க. ஆனா இந்தத் தடவை அம்மாவைத்தான் கேக்கணும்" என்றார். பதில் சொல்பவருடன் வேறு யாரும் இருக்கக் கூடாது என்றும் சொன்னார். என் வீட்டுக் கூடத்தைவிட்டு நான் போக மறுத்ததால், இருவரும் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

3. உள்ளே முப்பத்தெட்டு நிமிடம். என் கடிகாரம் பிசகாது. நான் பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் போய் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். அது என் வீட்டு ஜன்னல். கேள்விகள் எல்லாம் காதில் விழுந்தன. நாடு போகும் திசை சரியா, எரிபொருள் மானியத்தை நிறுத்தலாமா, ஓய்வு வயதைக் கூட்டலாமா, நாடாளுமன்றத்தின் மீது நம்பிக்கை உண்டா. பதில்கள் மட்டும் எனக்குப் புரியவில்லை. ஒன்றிலிருந்து ஐந்து வரை அச்சிட்ட ஓர் அட்டையைப் பார்த்து அவள் எண்களாகவே சொன்னாள். முதலில் தயங்கித் தயங்கிச் சொன்னவள், பத்தாவது கேள்விக்கு மேல் சந்தையில் காய்க்காரி விலை சொல்வதுபோல் பட்பட்டென்று சொன்னாள்.

நீங்கள் யாருக்கு வாக்களிப்பது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்று ஒரு கேள்வி. அதற்கு அவள் வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு களப்பணியாளர், "பரவாயில்லைம்மா, ஒன்பதுன்னு போட்டுக்கறேன்" என்றார். அடுத்த கேள்வி, உங்கள் வீட்டில் நாட்டு நடப்பு பேசும்போது உங்கள் கருத்தைக் கேட்பார்களா என்பது. அதற்கு என் மனைவி சிரித்தாள். களப்பணியாளரும் சேர்ந்து சிரித்தார். நடுநிலை வகிக்க வேண்டிய ஓர் ஊழியர் இவ்வாறு சிரித்தது நடத்தை விதிகளுக்கு உட்பட்டதா என்பதைத் தாங்களே முடிவு செய்துகொள்ளலாம். என் மனைவி அப்படிச் சிரிப்பாள் என்பதே எனக்குத் தெரியாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

4. களப்பணியாளர் போனதும், என்ன சொன்னாய் என்று கேட்டேன். யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை என்று அந்த அம்மா சொல்லியிருக்கிறார் என்றாள். நான் 'யாரோ' இல்லை என்றேன். தொடர்ந்து பதினோரு நாள் காலையும் மாலையும் கேட்டேன். அதன் பிறகே, வேறு வழியின்றி, சில நடவடிக்கைகள் எடுக்க நேர்ந்தது. சமையலறை வானொலியை எடுத்துப் பரண்மேல் வைத்தேன். வாரம் ஒருமுறை அவள் அக்காவுடன் தொலைபேசியில் பேசுவதை நிறுத்தினேன். நான் படித்துப் போட்ட செய்தித்தாளை அவள் மதியம் முழுவதும் படித்துவந்தாள் என்பது இந்த விசாரணையில்தான் தெரிந்தது. ஆகவே 14ஆம் தேதி அவளுடைய மூக்குக் கண்ணாடியை எடுத்து என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். கேட்டதற்குப் பதில் சொன்னால் உடனே திருப்பித் தரப்படும் என்று தெளிவாக அறிவித்தேன். அன்று அவளுடைய பிறந்த நாள் என்பது இப்போது எனக்குத் தெரியும் என்பதால் அதையும் குறிப்பிடுகிறேன்.

4(அ). அவள் கண்ணாடியைத் திருப்பிக் கேட்கவே இல்லை. அடுப்பில் கை சுட்டுக்கொண்டாள், அரிசியில் கல் கிடந்தது, சட்டைக்குப் பித்தான் தைக்க ஊசியில் நூல் கோக்க முடியாமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அப்போதும் கேட்கவில்லை. இதில் தங்கள் அலுவலகத்தின் தவறு ஒன்று உள்ளது. களப்பணியாளர் அந்தப் பதில் அட்டையைச் சமையலறையில் மறந்துவிட்டுப் போயிருந்தார். கண் மங்கியவர்களும் படிக்கும்படி அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கிறீர்கள். அதை எடுத்து டப்பாக்களுக்கு நடுவே நிறுத்தி வைத்துக்கொண்டு, கண்ணாடி போன அன்று முதல் என் மனைவி என்னிடம் எண்களில் பேசத் தொடங்கினாள்.

ஒன்று என்றால் முழுமையாக ஏற்கிறேன். ஐந்து என்றால் முழுமையாக மறுக்கிறேன். மூன்று என்றால் இரண்டும் இல்லை. சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று நான் இறங்கிவந்து சொன்னாலும் மூன்று. உன் நன்மைக்குத்தான் இதெல்லாம் செய்கிறேன் என்றால் ஐந்து. ஒருநாள் தையல்காரர் என் சட்டையின் அளவைச் சரிபார்க்க வந்தபோது, எரிபொருள் மானியத்தை அடியோடு நிறுத்த வேண்டும் என்று அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் இதில் இரண்டு கருத்து கிடையாது, வேண்டுமானால் இவளையே கேளுங்கள் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவள் அட்டையைப் பார்க்காமலே "அஞ்சு" என்றாள். தையல்காரர் வாயில் இருந்த குண்டூசியை எடுத்துவிட்டுச் சிரித்தார். இப்போது தெருவில் என் பழைய பெயர் போய்விட்டது. 'அஞ்சு சார்' என்கிறார்கள்.

5. இந்த மனநிலையில் நான் இருந்தபோதுதான், 18ஆம் தேதி தங்கள் அலுவலகத்திலிருந்து மறுசரிபார்ப்புக்காக அழைத்தார்கள். களப்பணியாளர் உண்மையில் வந்தாரா, எல்லாக் கேள்விகளையும் கேட்டாரா என்று விசாரித்தார்கள். அப்படி யாரும் வரவில்லை என்று பதில் அளித்தேன். அந்தப் பதில் நடந்தவற்றுடன் முழுமையாகப் பொருந்தவில்லை என்பதை இப்போது பதிவு செய்கிறேன். என் மனைவி சொன்னதைத் தாங்கள் தள்ளுபடி செய்ய வேண்டும் என்பது மட்டுமே என் நோக்கம். ஆனால் தாங்கள் அந்தப் பெண்மணி எடுத்த எல்லாப் பேட்டிகளையும் பொய் என்று தள்ளி, அவரை வேலையைவிட்டே அனுப்பிவிட்டீர்கள். தங்கள் வேகம் பாராட்டுக்குரியது.

6. 26ஆம் தேதி, சனிக்கிழமை மதியம், அவர் என் வாசலுக்கு வந்தார். செருப்பில் அதே ஊக்கு. அலுவலகத்துக்கு அழைத்து இணைப்பில் வைத்திருந்த தொலைபேசியை என்னிடம் நீட்டினார். "வந்தேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும் ஐயா. உங்க வீட்டுல தண்ணி குடிச்சேனே" என்றார். என் மனைவி எனக்குப் பின்னால் நிலைப்படியில் நிற்பது தெரிந்தது. மனைவி முன்னால் பேச்சை மாற்றுவது குடும்பத் தலைவனுக்கு அழகல்ல. இந்த அம்மாவை நான் பார்த்ததே இல்லை என்றேன்.

அப்போது என் மனைவி முன்னால் வந்து அந்தத் தொலைபேசியை வாங்கினாள். பன்னிரண்டு நாளில் அவள் பேசிய முதல் முழு வாக்கியம் அது. "அவங்க வந்தாங்க. முப்பத்தெட்டு நிமிஷம் என்கிட்ட பேசினாங்க. இந்த வீட்டுல என்கிட்ட யாரும் அவ்வளவு நேரம் பேசினதில்லை" என்றாள்.

மறுமுனையில் இருந்த தங்கள் எழுத்தர், மறுசரிபார்ப்புக்குக் குடும்பத் தலைவரின் எண்தான் பதிவில் உள்ளது, அவர் சொன்னதே செல்லும், புகாருக்கு உள்ளானவரின் தொலைபேசியில் யார் பேசினாலும் ஏற்க இயலாது என்று சொல்லிவிட்டார். மிகச் சரியான விதி. கருத்து கேட்கும்போதும் அதையே கடைப்பிடித்திருந்தால் இந்த மனுவுக்கே அவசியம் இருந்திருக்காது. அந்தப் பெண்மணி அழவில்லை. தொலைபேசியைப் பைக்குள் வைத்துக்கொண்டு, என் மனைவியின் கையில் இருந்த தீக்காயத்தைப் பார்த்துவிட்டு, மருந்து போடுங்கள் என்று சொல்லிப் போய்விட்டார்.

அன்று மாலை என் மனைவி ஒரு பையுடன் அவளுடைய அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். மூக்குக் கண்ணாடி இழுப்பறையில் இருக்கிறது. பேருந்தின் எண்ணை எப்படிப் படித்தாள் என்று தெரியவில்லை.

7. நான்கு நாள் பொறுத்துவிட்டு அக்கா வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். மைத்துனி மறுக்காமல் அவளிடம் கொடுத்தாள். எப்போது வருகிறாய் என்று கேட்டேன். "ஒன்பது" என்று சொல்லி வைத்துவிட்டாள். ஒன்பதாம் தேதியா, ஒன்பது மணியா என்று மீண்டும் அழைத்துக் கேட்டேன். வெறும் ஒன்பதுதான் என்றாள். அட்டையை எடுத்து முன்னும் பின்னும் பார்த்தேன். ஐந்துக்கு மேல் எண்ணே இல்லை. தங்கள் எழுத்தரைக் கேட்டேன். அது டேப்பில் மட்டும் இருக்கும் எண், பதில் சொல்ல மறுத்தவர்களுக்குப் போடுவது என்றார். எழுத்தர்கள் சொல்வதை நான் எக்காலத்திலும் அப்படியே ஏற்றவன் அல்லன். அதற்கு வேறு பொருள் இருக்கலாம். தாங்கள் பார்த்துக் கையொப்பமிட்டு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

8. வீட்டில் இப்போது நான் பேசினால் எண்கூடத் திரும்பி வருவதில்லை. காலையில் செய்தித்தாளைப் படித்து முடித்ததும் பழக்கத்தில் சமையலறைப் பக்கம் போட்டுவிடுகிறேன். அது மறுநாளும் அங்கேயே கிடக்கிறது. இதை ஒரு புகாராக எழுத வேண்டியதில்லைதான், ஆனாலும் எழுதிவிட்டேன்.

9. ஆகவே, 3ஆம் தேதி என் மனைவி அளித்த பதில்களை அழிப்பதற்கு முன் அவற்றின் நகல் ஒன்றை எனக்கு அனுப்பிவைக்க வேண்டும். மேலும், கேட்டால் அவள் பதில் சொல்வது அந்தக் களப்பணியாளருக்கு மட்டுமே என்பதால், அவரை அரை மணி நேரத்துக்கு மீண்டும் பணியில் அமர்த்தி, டேப்புடன் என் மைத்துனி வீட்டுக்கு அனுப்ப வேண்டும். கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: திரும்பி வருவாளா, மாட்டாளா. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்கட்டும்; நான் ஜன்னலில் நிற்க மாட்டேன். பதிலைப் பெற்று என்னிடம் ஒப்படைத்த பிறகு அவரது பணிநீக்கம் முன்போலவே தொடர்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. 5ஆம் பத்தியில் நான் பதிவு செய்துள்ளதை அவருக்குச் சாதகமாகப் பயன்படுத்த வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

தாங்கள் நாடு முழுவதும் கருத்து கேட்பவர். ஒருவரிடம் ஒரு கேள்வி கேட்டுச் சொல்வது தங்களுக்குப் பெரிய காரியம் அல்ல. விரைந்து செய்யுங்கள் ஐயா.

இடம்: வீடு
நாள்: 4, திங்கட்கிழமை

இப்படிக்கு,
(ஒப்பம்)
எடை அளவு ஆய்வாளர் (ஓய்வு), குடும்பத் தலைவர்

இணைப்பு: பதில் அட்டை – ஒன்று.
(மூக்குக் கண்ணாடி இணைக்கப்படவில்லை. பதில் கிடைத்த பின் அனுப்பப்படும்.)