செலீனக்காவின் இடத்தில் பாடியது

ஏப்ரல் 8, செவ்வாய்

வெக்கை. காற்று ஒரு சொட்டும் இல்லை. சோளகக் காற்றுத் தொடங்க இன்னும் நாளிருக்கிறது.

காலைப் பூசை முடிய சுவாமி கூப்பிட்டார். பெரிய வெள்ளிக்குப் பசாம் ஒப்பாரியை நான்தான் தொடங்கிப் பாட வேண்டுமாம். மாதா மகனை மடியில் வைத்து அழுகிற பகுதி. இருபத்தாறு வருடமாக அது செலீனக்காவின் இடம். அவர் ஒரு அடி பாடுவார், பின்னால் நின்று நாங்கள் அடுத்த அடி. மாசியில் அவருக்குத் தொண்டையில் ஒப்பரேசன். புற்று. குரல் போய்விட்டது. இப்போது கொப்பியில் எழுதித்தான் பேச்சு.

"உம்மை விட்டால் ஆர் இருக்கினம், ரீற்றா?"

தலையைக் குனிந்துகொண்டு, "ஏலுமோ தெரியாது சுவாமி" என்றேன். ஏலும் என்று நன்றாகத் தெரியும். வீட்டுக்குச் சைக்கிளில் வரும்போதே வாய்க்குள் தொடங்கிவிட்டேன்.

இந்தக் கொப்பியை யார் பார்க்கப் போகிறார்கள், எழுதிவிடுகிறேன். செலீனக்காவின் குரல் போய்விட்டது என்று கேள்விப்பட்டபோது முதலில் அழுகை வரவில்லை. இனிப் பெரிய வெள்ளிக்கு யார் என்ற நினைப்புத்தான் வந்தது. அழுகை பிறகு வந்தது. அதுவும் பொய்யில்லை.

வாங்க: தேன், இஞ்சி, மல்லி. தயிர் நிற்பாட்ட வேண்டும். வெள்ளைச் சேலையின் பிளவுஸ் கை இறுக்கம், பிரித்துத் தைக்க.

ஏப்ரல் 10, வியாழன்

இன்றைக்கு எழுத்துக் கோணல்.

பின்னேரம் இவர் கடற்கரைக்குப் போய்விட்டார். வீட்டில் நான் மட்டும். யன்னல்களைத் திறந்துவிட்டு முழுத் தொண்டையில் பாடிப் பழகினேன். போனில் பதிந்து நாலு தரம் கேட்டேன். ஒரு இடத்தில் குரல் நடுங்கியது. நன்றாக நடுங்கியது. அதையே திரும்பப் பாடி, திரும்ப நடுங்க வைத்தேன்.

ஒழுங்கையில் காலடிச் சத்தம். எட்டிப் பார்த்தால் முன்வீட்டு றோசலின், வெள்ளைச் சேலை, குடை. பின்னால் இன்னும் நாலைந்து பேர்.

"எப்பவாம்? சாவு மணி கேக்கேல்லை, பாட்டுத்தான் கேட்டது."

"என்ன எப்ப?"

"செலீனக்கா..."

செத்தவீட்டில்தானே வீட்டுக்குள் பசாம் பாடுவோம். சும்மா ஒரு வியாழக்கிழமை பின்னேரம் வீட்டுப் பக்கமிருந்து அது கேட்டால் சனம் வேறென்ன நினைக்கும்? செலீனக்காவின் வீடு என் வீட்டிலிருந்து மூன்றாவது. நான் ஓடிப் போய்ச் சொல்வதற்குள் சனம் அவரின் படலையைத் திறந்துவிட்டது. ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டே உள்ளே போனாள்.

செலீனக்கா விறாந்தைக்கு வந்து நின்றார். கழுத்தில் துணி. எல்லோரையும் ஒரு தரம் பார்த்தார். பிறகு, அழுதுகொண்டு வந்தவளின் கையைப் பிடித்துக் கதிரையில் இருத்தினார்.

நான் படலைக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

மன்னிப்புக் கேட்கப் போனேன். மகள் டிலானி முகம் கொடுக்கவில்லை.

"அம்மா விடிய விடிய நித்திரையில்லை ஆன்ரி."

செலீனக்கா கட்டிலில். நல்லாய் வற்றிப்போய்விட்டார். கொப்பியை எடுத்து எழுதி என் பக்கம் திருப்பினார்.

எனக்கோ பாடினனீர்?

இல்லை அக்கா, உங்கள் இடத்தில் பாடப் பழகினேன் என்று சொல்லியிருக்க வேண்டும். டிலானியும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஓம் அக்கா. உங்களுக்குக் கேக்கட்டும் எண்டுதான்."

என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். பிறகு எழுதினார்: கேட்டது.

டிலானி எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தாள். குடித்தேன்.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

கோயில் நிறையச் சனம். கதை எனக்கு முன்னே போய்விட்டது. பிரசங்கத்தில் சுவாமி, "வருத்தமாய்க் கிடக்கிற சகோதரிக்காக வீட்டிலை இருந்தே பாடின ஒராள் எங்களுக்குள்ளை இருக்கிறா" என்றார். பெயர் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தலையைக் குனிந்தேன். குனிந்த விதம் எனக்கே பிடித்திருந்தது. சீ.

பிரான்சிலிருந்து தம்பி போன். "வெள்ளிக்கிழமை லைவிலை பாப்பம் அக்கா. மைக்குக்குக் கிட்ட நில்."

மல்லித்தண்ணி இரண்டு தரம்.

ஏப்ரல் 16, புதன்

பாவசங்கீர்த்தனம். வரிசை நீளம். வெயிலில் கால் சுட்டது.

பொய் சொன்னேன் என்றேன். ஆருக்கு? வருத்தக்காரி ஒருவருக்கு. பெருமைக்காகவா, பயத்திலா? இரண்டும், சுவாமி.

"அவ இருக்கேக்கையே சொல்லிப்போடும்."

நாளைக்குப் போகலாம் என்று பார்த்தால் பெரிய வியாழன். பின்னேரம் முழுக்கக் கோயில்தான். சனிக்கிழமை காலையில் கட்டாயம். டிலானி இல்லாத நேரமாகப் பார்த்து.

சொன்னால் வெள்ளிக்கிழமை எனக்குப் பாட வராது. அதுதான் உண்மையான காரணம்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

பாடினேன். குரல் ஒரு இடத்திலும் தட்டுப்படவில்லை. பெண்கள் பக்கம் முழுக்க அழுகை. மாதாவை நினைத்தேனா? முதல் அடியில் நினைத்தேன். பிறகு போனைப் பிடித்துக்கொண்டு நின்ற பெடியனின் கை ஆடுகிறதா என்று பார்த்தேன்.

சொன்னவை: "உருக்கிப்போட்டீர்." "கனடாவிலை இருந்து அக்கா அழுதுகொண்டு போன் எடுத்தவ." "செலீனையும் விஞ்சிப்போட்டீர்." கடைசியாக உள்ளதை எழுதியிருக்கத் தேவையில்லை. வெட்டவும் மனமில்லை.

செலீனக்கா படுத்தபடியே போனில் பார்த்தாராம்.

நாளைக்குச் சொல்லிவிடுவேன். என்ன நினைத்தாலும் பரவாயில்லை.

ஏப்ரல் 19, சனி

விடிய ஐந்தரைக்கு டிலானி போன் எடுத்தாள். செலீனக்கா போய்விட்டார்.

பெரிய சனி, இரவு உயிர்ப்புப் பூசை வரை கோயில் மணி அடிக்க முடியாது. ஆள்மாறி ஆள் சொல்லித்தான் சனம் வந்தது. நான் கால்மாட்டில் இருந்தேன். அவரின் வாயைக் கட்டியிருந்தார்கள். அந்த வாயைத்தானே இருபத்தாறு வருடம் பின்னால் நின்று பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

டிலானி வந்தவர்களுக்கெல்லாம் சொன்னாள். "அம்மா உயிரோடை இருக்கேக்கையே ஆன்ரி பாடினவ." கொப்பியைக் கொண்டுவந்து காட்டினாள். 'கேட்டது' என்பதற்குக் கீழே, நான் போன பிறகு எழுதியது:

இவ்வளவு காலமும் எல்லாற்றை செத்தவீட்டிலையும் நான் பாடினனான். எனக்கெண்டு ஒராள் பாடினது இதுதான்.

ஐயோ அக்கா.

இனி யாரிடம் போய்ச் சொல்வது? டிலானியிடம் சொன்னால் தாயிடமிருந்து அதையும் பறித்த மாதிரி.

என்னைத்தான் தொடங்கச் சொன்னார்கள். தொடங்கினேன். என் இரண்டாம் அடியில் பாட்டு நின்றுவிட்டது. மற்றவர்கள் எடுத்துப் பாடி முடித்தார்கள்.

"பாவம், செலீனக்காவிலை எவ்வளவு பட்சம்" என்று பின்னால் றோசலின் சொன்னாள். அது தெளிவாகக் கேட்டது. அந்த நேரத்திலும் என் காது அதற்குத்தான் திறந்திருந்தது.

அடக்கம் திங்கள் மூன்று மணிக்கு. சவக்காலையிலும் நான்தான் பாட வேண்டுமாம். ஓம் என்று சொல்லிவிட்டேன்.