மகாராஜாவுக்குப் போட்ட புத்தாண்டுத் திட்டம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அப்பாவும் சுகம். நீ எங்களிடம் விட்டுப்போன நாலு கால் மகாராஜா எங்கள் இரண்டு பேரையும்விட சுகம். நீ அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டுதான் வெளியே போகிறாய் என்று நம்பிக்கொண்டு மேற்கொண்டு எழுதுகிறேன். போன வாரம் வீடியோ போனில் அப்பா ஏன் இப்படி இளைத்துவிட்டார் என்று நீ கேட்டாய், நான் பேச்சை மாற்றினேன், உனக்குக் கோபம் வந்தது. என்ன செய்ய, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து நாயின் காதைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரை வைத்துக்கொண்டு சொல்லக்கூடிய சமாசாரமா இது? பயப்படுவதென்றால் முழுக்கப் படித்துவிட்டுப் பயப்படு, பாதியில் வேண்டாம்.

வருஷக் கடைசியில் மகாராஜாவுக்குத் தடுப்பூசி போட இரண்டு பேருமாகத்தான் அழைத்துப் போனோம். மருத்துவமனை பெயின்ட் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. அவன் முதல் படியிலேயே அசையாச் சொத்தாகப் படுத்துவிட்டான். அப்பா அவனைத் தூக்கிக்கொண்டு ஏறினார். மேலே போனதும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவருக்குச் சட்டையெல்லாம் தொப்பலாக நனைந்திருந்தது. நாய் டாக்டரம்மாவுக்கு உன் வயதுதான் இருக்கும். எடை பார்க்கும் மேடையில் அவன் நிற்க மாட்டேன் என்றதால், அப்பாவை முதலில் நாயோடும் பிறகு தனியாகவும் நிற்கச் சொன்னாள். முள்ளைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். "நாய் குண்டாத்தான் இருக்கு. ஆனா மூச்சு வாங்குறது நாய்க்கு இல்லையேப்பா" என்றாள். உன் அப்பா படிக்கட்டு செங்குத்து என்று படிக்கட்டின் மேல் பழியைப் போட்டார்.

அவர் நாயை வண்டியில் ஏற்றப் போன நேரத்தில் நான் அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அதற்கு முந்தின மாதம் சமையலறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். டாக்டரிடம் போகலாம் என்றால், போனால் இல்லாத வியாதியும் வந்துவிடும் என்பார். அவள் கேட்டுவிட்டு, நாய்க்கு என்றால் கேட்பாரா என்றாள். நாய்க்கு என்றால் தலைகீழாக நிற்பார் என்றேன். அவ்வளவுதான், காதும் காதும் வைத்தமாதிரி காரியம் முடிந்தது.

புது வருஷம் பிறந்ததும் மகாராஜாவின் ஆரோக்கியத்துக்குத் திட்டம் போட வேண்டும் என்று அப்பாவை வரச் சொன்னாள். முகத்தில் ஒரு சிரிப்பு இல்லாமல் சொன்னாள் பார், நானே நம்பிவிட்டேன். காலையும் மாலையும் நடக்க வேண்டும், தூக்கக் கூடாது. வாசனை பிடித்தால் நாய் ஏங்குமாம், அதனால் வீட்டில் வறுவல், பொரியல், உப்புக்கடலை எதுவும் கூடாது. வளர்ப்பவருக்கு ரத்தக் கொதிப்பு இருந்தால் நாய்க்கும் படபடப்பு வருமாம், அதனால் அவர் முதலில் மனுஷ டாக்டரிடம் காட்டிவிட்டு வர வேண்டும். அப்பா மறுநாளே போய் நின்றார். இதயத்துக்குப் போகிற குழாய் ஒன்று சுருங்கியிருக்கிறது என்றார்கள். நல்ல நேரத்தில் வந்தீர்கள், அறுக்கவெல்லாம் வேண்டாம், மாத்திரையும் நடையும் போதும் என்றார்கள். வெளியே வந்து நான் அழுதேன். உன் அப்பா என்னைத் தேற்றினார், நாய்க்கு ஒன்றும் ஆகாது என்று.

அதிலிருந்து விடியற்காலையில் இரண்டு பேரும் கிளம்பிவிடுவார்கள். தெருமுனை பேக்கரி வாசலில் மகாராஜா படுத்துவிடுவான். உடனே திரும்பிவந்தால் நான் சிரிப்பேன் என்று அப்பா தனியாக ஏரியைச் சுற்றிவிட்டு வந்து அவனைக் கூட்டிவருவார். அதற்குள் பேக்கரிக்காரர் மனைவி அவனுக்கு ரொட்டி ஊட்டியிருப்பாள். இப்போது யார் இளைத்தார், யார் இளைக்கவில்லை என்பது உனக்கே புரிந்திருக்கும்.

போன மாதம் மறுபடி எடை பார்க்கப் போனோம். அப்பா ஒரே மூச்சில் மாடி ஏறினார். முள் நாய்க்கு எடை கூடியிருக்கிறது என்றது. பாடுபட்டதெல்லாம் வீணாகிவிட்டதே என்று அவர் முகம் சுண்டிப்போனதும் அந்தப் பெண்ணுக்குப் பொறுக்கவில்லை. "வந்த காரியம் முடிஞ்சுதே, உங்க எடையைப் பாருங்கப்பா" என்று உளறிவிட்டாள். அப்பா என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த பூனைப் படத்தைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் அவர் நாயின் வாரை ஆணியில் மாட்டிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். ஆனால் சாயங்காலம் வழக்கம்போல நாயின் வாரை எடுத்துக்கொண்டு நடக்கப் போனார். சரி, தப்பித்தோம் என்று நினைத்தேன்.

இந்தச் செவ்வாய்க்கிழமை, மகாராஜாவுக்குப் பார்வை மங்குகிறது, கதவு நிலையில் முட்டிக்கொள்கிறான், நான் கூட வந்தால்தான் அடங்கியிருப்பான் என்றார் அப்பா. அடித்துப்பிடித்துக் கிளம்பினேன். வண்டி பெயின்ட் கடையைத் தாண்டிப் போய்க் கண் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. மனுஷர்களுக்கான ஆஸ்பத்திரி, என் பெயருக்கு நேரம் வாங்கிவைத்திருக்கிறார். "நாய்க்குன்னா நீயும் வருவேன்னு தெரியும், இறங்கு" என்றார். நீ கேட்கும்போதெல்லாம் கண்ணாடியை மாற்றினால் சரியாகிவிடும் என்று சொல்லிவந்தேன் அல்லவா, இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருக்கிறதாம். வெள்ளிக்கிழமை வலது கண்ணுக்கு ஆபரேஷன். இந்தக் கடிதத்தில் வரிகள் மலை ஏறி இறங்குவதும் அதனால்தான். சின்ன வேலைதான் என்கிறார்கள், எனக்கு உள்ளூர உதறல்தான். அதைச் சொல்லவும் வெட்கமாக இருந்தது. அவராகவே, முடிகிறவரை நானும் நாயும் வாசலிலேயே இருப்போம், காவல்காரரிடம் பேசிவிட்டேன் என்றார்.

நீ காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே. தலையில் எண்ணெய் வை. போன் செய்தால் முதலில் நாயை விசாரி, அப்பாவின் நெஞ்சு விஷயம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. நோய் நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், அதுதான் எங்கள் ஆசீர்வாதம். இன்னொன்று, மகாராஜா உன்னைப் பார்க்காமல் ஏங்கிப்போய்விட்டான், ஒரு வாரமாவது நீ வந்து இருந்துவிட்டுப் போவது அவன் உடம்புக்கு நல்லது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். இது நிஜமாகவே நாய்க்காகத்தான்.

இப்படிக்கு,
உன் அம்மா