கொல்லையில் முளைத்த கல் வீடுகள்

அடி அண்ணாமலை
16.01.2025

தம்பி விமலுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான் நலம். வேங்கிக்காலில் மகள் இனியாவும் நலம். சென்னையில் நீயும், நினைத்தது நடக்கும் என்று நீ நடத்துகிற எண்ண வகுப்பும் நலமாக இருப்பீர்கள். போனில் பேசினால், "நல்லதையே நெனைக்கா, நல்லதையே பேசுக்கா" என்று என் வாயை அடைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். நீயும் உன் ஆட்களைக் கையால் எழுதச் சொல்கிறவன்தானே, பொறுமையாகப் படி.

இந்த வருஷம் போகியும் பௌர்ணமியும் ஒரே நாளில் வந்தன. ஊரே பழையதை எரித்துக்கொண்டிருக்க, பாதையோரத்து நம் கொல்லை நிலத்தில் புதுக்குப்பை சேர்ந்தது. சொந்த வீடு வேண்டுமென்று கிரிவலப் பாதை ஓரத்தில் நாலு கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டுப் போவார்கள், அது எப்போதும் உள்ளதுதான். இந்த முறை முள்வேலியை மிதித்துச் சாய்த்து, மல்லாட்டைச் செடிக்குள்ளேயே இறங்கிவிட்டார்கள். தீபம் முடிந்த கையோடு விதைத்தது, இப்போதுதான் பூ வைத்திருக்கிறது. செடியைப் பிடுங்கி இடம் பண்ணிக் கல் அடுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு குவியலின் அடியிலும் நாலாக மடித்த ஒரு சீட்டு.

மற்றதை எழுதக் கை கூசுகிறது. எச்சில் தட்டு, குழந்தைக்குக் கட்டி அவிழ்த்துப் போட்ட டயாபர், வரப்பு நெடுக மனுஷக் கழிவு. களை எடுக்க வந்த ஆராயி அதில் கையை வைத்துவிட்டாள். மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியும் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கல்லைக் கலைக்கப் போனேன். ஒரு அம்மாள் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கலைக்காதீங்கம்மா, எங்க வீடு போயிடும். இந்த எடத்துல வெச்சா பலன் ஜாஸ்தின்னு விமல்ராஜ் சார் சொல்லியிருக்காரு" என்றாள். அந்த சார் என் தம்பி என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

இது உன் வேலைதானா? பதில் எழுது. பொங்கலுக்கு வருவாய் என்று எடுத்த வேட்டி பெட்டியில் அப்படியே இருக்கிறது.

இப்படிக்கு
உன் அக்கா சரசு


சென்னை
25.01.2025

என் அன்பான அக்காவுக்கு,

இந்த நொடியில் நீ ஆனந்தமாக இருக்கிறாய். ஆரோக்கியமாக இருக்கிறாய். வழக்கம்போல் பச்சை மையில் எழுதுகிறேன். பச்சை வளர்ச்சியின் நிறம்.

உன் கடிதத்தில் எத்தனை கசப்பு! எதை நினைக்கிறோமோ அதுதான் நம்மைத் தேடி வரும் அக்கா. நீ குப்பையை நினைக்கிறாய், குப்பை வருகிறது. மாமா அத்தனை சின்ன வயதில் போனதற்கும் உன் பயத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று சொன்னால் கோபித்துக்கொள்வாய், அதனால் சொல்லவில்லை.

நான் யாரையும் நம் நிலத்துக்கு அனுப்பவில்லை. யாரோ ஒருவர் முதல் கல்லை வைத்தார். அவருக்கு நல்லது நடந்தது. பிறகு நாலு பேர் வந்தார்கள். அந்த இடத்தில் நல்ல அதிர்வு இருக்கிறது என்று மட்டும்தான் வகுப்பில் சொன்னேன். சீட்டுகளைத் தயவுசெய்து பிரிக்காதே. ஆசைப்படுவதை நடந்து முடிந்ததாக எழுதி, நன்றி என்று முடித்து, கல்லுக்கு அடியில் வைக்க வேண்டும். கல் நிற்கும்வரை எண்ணம் வேலை செய்யும். கலைத்த பாவம் உனக்கு எதற்கு?

இந்த வயதில் வேர்க்கடலையோடு ஏன் மல்லுக்கட்டுகிறாய்? இனியா வீட்டில் உனக்கென்று ஒரு ரூம் இருக்கிறது. அங்கே போய் நிம்மதியாக இரு. நிலத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நன்றியுடன்
விமல்


அடி அண்ணாமலை
15.02.2025

தம்பிக்கு,

நான் ஆனந்தமாக இல்லை. உனக்குத் தெரியட்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உன் மாமா செங்கம் ரோட்டில் லாரி அடித்துச் செத்தார். அந்த லாரியை என் பயம் ஓட்டவில்லை. இருந்தும் உன் கடிதம் வந்து மூன்று நாள் எனக்கு அதே யோசனை. அன்று காலையில் அவர் சைக்கிளை எடுக்கும்போது "பார்த்துப் போங்க" என்று சொன்னேன். அது கெட்ட நினைப்பாகப் போய்விட்டதோ, சொல்லாமல் இருந்திருந்தால் திரும்பி வந்திருப்பாரோ என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். பத்தொன்பது வருஷம் கழித்து என்னை இப்படி யோசிக்க வைத்தாயே, அதை நினைத்தால் உன்மேல் குமட்டிக்கொண்டு வருகிறது.

தைப்பூசத்தோடு வந்த பௌர்ணமியில் போன மாதத்தைவிட மூன்று மடங்கு கூட்டம். காய் பிடிக்கச் செடியின் விழுது மண்ணுக்குள் இறங்குகிற நேரத்தில் மண்ணை மிதித்து இறுக்கிவிட்டார்கள். நீ பிரிக்காதே என்றதால் சீட்டுகளைப் பிரித்தேன். "மாமியார் காலமாகிவிட்டார். மாடி வீடு எங்களுக்கு வந்துவிட்டது. நன்றி." "என் பங்காளி வழக்கில் தோற்றுத் தெருவில் நிற்கிறான். நன்றி." வரப்பில் கிடந்ததை மண்வெட்டியால் அள்ளிவிட்டேன். இதை எதால் அள்ளுவது? நன்றி என்ற சொல்லைக் கண்டாலே இப்போது எனக்கு வாய் கசக்கிறது.

பென்சிலில் எழுதிய ஒரு சீட்டு. "அப்பா குடிக்கிறத விட்டுட்டாரு. நன்றி." குழந்தைக் கையெழுத்து. அதை மட்டும் என்னால் குப்பையில் போட முடியவில்லை, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன். அந்த ஆள் நாளைக்கும் குடித்துவிட்டு வந்தால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? தன் நினைப்பு சரியில்லை, அதனால்தான் அப்பா குடிக்கிறார் என்று தன்னையே நொந்துகொள்ளும். மூன்று நாள் நான் நொந்துகொண்ட மாதிரி. இதைத்தான் நீ வகுப்பு எடுத்துக் கற்றுக்கொடுக்கிறாயா?

பாதிச் செடி போய்விட்டது. மீதியாவது மிஞ்சட்டும். உன் ஆட்களை நிறுத்து விமல். அக்கா கேட்டுக்கொள்கிறேன்.

சரசு


சென்னை
24.02.2025

அன்பு அக்கா,

உன் கோபத்தை மன்னித்துவிட்டேன்.

நேற்று தியானத்தில் ஓர் எண்ணம் தானாகப் பூத்தது. சத்தியமாக அதற்கு முன் என் மனதில் அப்படி எதுவும் இல்லை. நம் நிலத்தில் ஒரு தியான மண்டபம், சுற்றிலும் எண்ணத் தோட்டம். அப்பா ஆளுக்குப் பாதி என்று எழுதிவைத்தார். உன் பாதியையும் சேர்த்து எனக்கு விட்டுக்கொடுத்தால் போதும். அங்கே இனி விளைச்சலும் இருக்கப் போவதில்லை. பத்திரம் இத்துடன் இருக்கிறது. நீ ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டதாகவே நான் உணர்கிறேன்.

நன்றி, நன்றி, நன்றி.
விமல்


அடி அண்ணாமலை
28.03.2025

விமல்ராஜுக்கு,

மாசி பௌர்ணமி முடிந்ததும் கொத்தனார் காசியைக் கூப்பிட்டு எல்லாக் கல்லையும் பெயர்க்கச் சொன்னேன். வேப்பமரத்தடியில் இருந்ததுதான் பழைய குவியல். ஏர் படாத இடம், அடிக்கல் மண்ணில் பாதி புதைந்திருந்தது. காசி கடப்பாரை போட்டு நெம்பினான். கீழே பிளாஸ்டிக் கவரில் ஒரு சீட்டு. பச்சை மை.

"15.11.2024. விளைச்சல் இல்லாமல் அக்கா மனம் வெறுத்துவிட்டாள். தன் பாதி நிலத்தை எனக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வேங்கிக்காலுக்குப் போய்விட்டாள். நன்றி."

யாரோ வைத்த முதல் கல் என்றாயே, அது இதுதானா? போன மாதம் தியானத்தில் பூத்ததாகச் சத்தியம் செய்தாயே, அந்த எண்ணமும் இதுதானா? காசி பக்கத்தில் நின்றான். "இன்னாம்மா, எதாவது கெட்டதா?" என்று கேட்டான். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

சீட்டில் நீ போட்டிருக்கிற தேதி ஐப்பசி பௌர்ணமி. அன்றைக்கு நான் அன்னாபிஷேகம் பார்க்கக் கோயிலுக்குப் போய் உன் பேருக்கும் அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன். நீ கொல்லைவரை வந்திருக்கிறாய், கூப்பிடு தூரத்தில் இருக்கிற வீட்டுக்கு வரவில்லை.

எண்ணத்துக்குச் சக்தி உண்டு, ஒப்புக்கொள்கிறேன். உன் ஒரு சீட்டு ஆயிரம் பேரை என் செடிமேல் நடக்கவிட்டது. அதை எந்தப் பிரபஞ்சமும் செய்யவில்லை. நீ நினைத்தாய், பிறகு வாயைத் திறந்து ஆட்களை ஏவினாய். அவ்வளவுதான் அதன் ரகசியம்.

சர்வேயர் வந்து உன் பாதியையும் என் பாதியையும் பிரித்து அளந்து கொடுத்தார். நடுவில் அந்தக் கற்களாலேயே காசி இடுப்பளவு சுவர் எழுப்பிவிட்டான். பாதைப் பக்கமும் அடைத்தாயிற்று. உன் பக்கத்தில் நீ எதை வேண்டுமானாலும் அடுக்கு. என் பக்கத்தில் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன், ஏழெட்டுக் காய் இருந்தது. கம்மிதான். எனக்குப் போதும். பொங்கல் வேட்டியைக் காசிக்குக் கொடுத்துவிட்டேன்.

கையெழுத்து இல்லாத பத்திரத்தையும் உன் சீட்டையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இனி நீ எழுதினால் பிரிக்காமல் தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

நீ சொல்லிக்கொடுக்கிறபடி நானும் ஒரு சீட்டு எழுதிப் பார்த்தேன். நடந்து முடிந்ததாக எழுத வேண்டும் என்றாயே, அதனால் இப்படி எழுதினேன்: எனக்கு ஒரு தம்பி இருந்தான்.

நன்றி என்று முடிக்க மட்டும் கை வரவில்லை.

சரசு