மே மாசத்துல ஒழுகுற கார்

சோப்புத்தூள் போட்டு மூணு தடவை கழுவிட்டேன், கையில ஆயில் வாடை போக மாட்டேங்குது. அச்சாபீஸ்கள்ல மெஷின் ரிப்பேர் பாக்கப் போறப்ப ஒட்டுற வாடை வேற. இது நம்ம காரோட வாடை. பழைய இன்ஜின் ஆயில், பெட்ரோல், அதுக்கு நடுவுல கொஞ்சம் அச்சு மை. எட்டு மாசமா இது இல்லாம இருந்தேன். இப்ப சோத்துல கை வச்சா நேரா மூக்குல வந்து ஏறுது. சோறு இருக்கட்டும், முதல்ல உனக்கு விஷயத்தச் சொல்லிருவோம்னு எழுத உக்காந்துட்டேன்.

நேத்து நம்ம காரை விக்கப் பாத்தோம்.

உன் அண்ணன் ஏற்பாடு. ஆனா அவர் மேல மட்டும் பழி போட முடியாது, நானும் சரின்னு சொன்னவன்தான். நீ போனதுலருந்து நான் எல்லாத்துக்கும் சரிதான். "மாப்ள, கொஞ்சம் கஞ்சி குடிக்கீகளா?" சரி. "மாப்ள, வீட்டுக்கு வெள்ளையடிச்சிருவோமா?" சரி. "மாப்ள, அந்தக் காரப் பாத்துப் பாத்துத்தான் நீங்க இப்படி ஆயிட்டீக. கோயம்புத்தூர்ல ஒரு பார்ட்டி இருக்கு, குடுத்துருவோமா?" சரி. உங்களத் தூக்கிக் கெணத்துல போட்டுருவோமான்னு கேட்டிருந்தாலும் சரின்னுதான் சொல்லியிருப்பேன், என்ன ஆழம்னு மட்டும் கேட்டிருப்பேன். வருத்தம்னு சொல்ல முடியல. உள்ள மின்சாரம் போன மாதிரி இருக்கு, அம்புட்டுதான்.

ஆனா ஆர்.சி. புத்தகத்துல இன்னும் உன் பேருதான். அது போனா உன் பேர்ல இந்த வீட்டுல வேற ஒண்ணும் இல்ல. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சரின்னேன்.

கல்யாணத்துக்கு நகைக்குப் பதிலா கார் கேட்ட பொண்ணு சிவகாசியிலேயே நீ ஒருத்திதான் இருப்ப. புதுக் காருன்னு நெனச்சு உங்க அப்பாவும் தலையாட்டிட்டாரு. பெங்களூர்ல பட்டாசு லோடு எறக்கிட்டுச் சும்மா திரும்புன லாரியில, தார்ப்பாயப் போத்திக்கிட்டு வந்து எறங்குச்சு, நம்ம ரெண்டு பேரையும் விட மூத்த ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். மேல கூரை கிடையாது, மடக்குற துணி. அதுவும் கிழிசல். லாரிக்குப் பின்னால 'எளிதில் தீப்பற்றும் பொருள்'னு போர்டு. காலி லாரிக்கு அந்தப் போர்டு தப்பில்லாம பொருந்துனது அன்னைக்குத்தான்.

உங்க அம்மா காரைச் சுத்திச் சுத்தி வந்தாக.

"ஏட்டி, ரெண்டே சீட்டா? நாளைக்கு ஒரு பிள்ளையப் பெத்தா எங்கன வைப்ப?"

"டிக்கியில."

"மழை பெஞ்சா?"

"சிவகாசியில மழை பெஞ்சா, கார் நனையுறதாம்மா நமக்குக் கவலை?"

மழை பெய்யாத ஊருன்னுதான இங்கன தீப்பெட்டி, பட்டாசு, அச்சாபீஸ் எல்லாம் வந்து குடியேறுச்சு.

ஊர் மெக்கானிக் வந்து பானட்டைத் தூக்கிப் பாத்துட்டு, செருப்பக் கழட்டாத குறையா கும்பிட்டாரு. "அண்ணாச்சி, பூ மாலை போட்டு வச்சிருங்க"ன்னுட்டுப் போயிட்டாரு. நான் மெக்கானிக்கல் படிச்சவன். நானே பாத்துக்கிறேன், ஆறு வாரம் போதும்னேன். நீ இடுப்புல கை வச்சுக்கிட்டுக் கேட்ட: "இன்ஜினியர் சார், எந்த வருஷத்து ஆறு வாரம்?"

மூணு வருஷம் ஆச்சு.

முதல் வியாதி ஒழுகல். தண்ணி, ஆயில், கிளட்ச் ஆயில், எது எங்கன இருந்து வருதுன்னே தெரியல. நான் முறைப்படி போனேன். ஆயில்ல சாயப்பொடி கலந்து, ஊதா விளக்கு அடிச்சுக் கண்டுபிடிக்கிறதுன்னு படம் போட்டு உனக்கு விளக்குனேன். மறுநாள் நீ உங்க வீட்டு அச்சாபீஸ்லருந்து கழிவுத் தாள் ஒரு கட்டு கொண்டாந்த. கலர் விலகிப் போன மாசக் கேலண்டர். அத முன் பம்பர்லருந்து பின் பம்பர் வரைக்கும், வரிசைக்கு மூணா நாலு வரிசை, ஜனவரியில ஆரம்பிச்சு டிசம்பர் வரை காருக்கு அடியில விரிச்சுட்ட. காலையில குனிஞ்சு பாத்தா எந்த மாசம் எந்தத் தேதியில சொட்டியிருக்குன்னு பளிச்சுன்னு தெரிஞ்சுச்சு. பிப்ரவரி ரேடியேட்டர். மே இன்ஜின். ஜூன் கிளட்ச். ஆகஸ்ட் கியர்பாக்ஸ். நவம்பர் பின் ஆக்சில். ஊதா விளக்க ஆர்டர் பண்ணது பண்ணதுதான், இன்னும் பெட்டி பிரிக்காம கெடக்கு.

அதுலயும் சாமி படம் போட்ட தாளு கூடாது. கட்டுல இருந்து முருகரையும் லட்சுமியையும் தனியாப் பிரிச்சு எடுத்து வச்ச. பனிமலை, அருவி, பூந்தோட்டம் மட்டும்தான் அடியில போகலாம். "சுவிட்சர்லாந்து மேல எம்புட்டு வேணாலும் ஒழுகட்டும் அத்தான், அவுகளுக்குத் தெரியவா போகுது."

நான் வேலைக்குப் போன எடத்துலருந்து ஃபோன் போடுவேன். நீ நிலவரம் சொல்லுவ. "பிப்ரவரி நின்னுருச்சு. ஜூன் பரவால்ல. மேதான், பதினெட்டாந்தேதி ரெண்டு சொட்டு." மே பதினெட்டா, அப்ப அந்தப் பக்கத்து போல்ட்டுதான்னு நான் சத்தமா யோசிப்பேன். தேதி மட்டும் காதுல விழுந்த ஃபோர்மேன் ஒருத்தர், "சீசன் நேரத்துல எம்புட்டு நாள் சார் லீவு போடப் போறீக?"ன்னு பயந்துட்டாரு.

முத முதலா ரோட்டுல ஓட்டுன நாள மட்டும் சிரிச்சுக்கிட்டுச் சொல்ல முடியல. இக்னிஷன் டைமிங் வச்சது நான். தப்பா வச்சிருந்தேன். அச்சங்குளம் தாண்டுறப்ப சைலன்சர் டமார்னு வெடிச்சுச்சு. வேற ஊரா இருந்தா எல்லாரும் காரைப் பாத்திருப்பாக. இங்கன ஒருத்தர் கூட காரைப் பாக்கல. டீக்கடையில இருந்தவுக எல்லாம் எந்திரிச்சு வானத்தப் பாத்தாக, எந்தப் பக்கம் புகை எந்திரிக்குதுன்னு. ஒரு அம்மா செருப்பு கூடப் போடாம பட்டாசு ஃபேக்டரிப் பக்கமா ஓடுனாக. நீ காரை அப்படியே நடுரோட்டுல விட்டுட்டு அவுக பின்னாலயே ஓடிப் போயிக் கையப் பிடிச்ச.

"அக்கா, எங்க காருக்கா. வெறும் காருதான்க்கா."

அந்த அம்மா உன்னத் திட்டுன திட்டு, பத்து நிமிசம். எம் மகன் உள்ள வேல பாக்குறான்டீன்னு அழுதுக்கிட்டே திட்டுனாக. நீ அம்புட்டையும் வாங்கிக்கிட்ட. தப்பு பண்ண நான் கார்லயே உக்காந்திருந்தேன்.

திரும்பி வரும்போது சட்டம் போட்ட: இனிமே டைமிங் பாக்குறது தீபாவளி அன்னைக்கு மட்டும். அடுத்த தீபாவளிக்கு ஊரே வெடிச்சுக்கிட்டு இருக்க, நாம ஷெட்டுல நின்னு காரை வெடிச்சோம். மதில் மேல எட்டிப் பாத்த பக்கத்து வீட்டு மாமா கேட்டாரு: "சவுண்டு நல்லாருக்கே, எந்தக் கம்பெனி சரக்கு?" நீ கொஞ்சம் கூடச் சிரிக்காமச் சொன்ன, "சாம்பிள் மாமா. இன்னும் மார்க்கெட்டுக்கு வரல." அந்த வருஷம்தான் டைமிங் சரியாச்சு.

போன தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கையில உனக்குக் காய்ச்சல் வந்துச்சு. ஆறு நாள். ஏழாவது நாள் நீ இல்ல. இத இதுக்கு மேல நீளமா எழுத எனக்கு வரல. அஞ்சாவது நாள் கண்ணு முழிச்சு, என்னப் பாத்து, "மே இன்னும் நிக்கல அத்தான். அதுக்காக போல்ட்டப் போட்டு இறுக்கிராதீக, மரை போயிரும்"ன்ன. நானும் தலையாட்டுனேன். ரெண்டு பேரும் ஏதோ அடுத்த ஞாயித்துக்கிழமை இருக்குன்னு நெனச்சுக்கிட்டுத்தான் பேசியிருக்கோம்.

நேத்து விஷயத்துக்கு வாரேன். சனிக்கிழமை பூரா உக்காந்து காரை உசுப்பினேன். பழைய பெட்ரோலை எறக்கி, பேட்டரி மாத்தி, பிளக் தொடச்சு, சாயங்காலம் ஸ்டார்ட் ஆயிருச்சு. கீழ அதே பன்னெண்டு மாசம், நீ விரிச்சபடியே கெடந்துச்சு. எடுக்கல.

கோயம்புத்தூர்க்காரர் நேத்துக் காலையில பத்து மணிக்கு வந்தாரு. நல்ல மனுசன். கையில டார்ச் லைட்டு, பையில குறிப்பு நோட்டு. அவர் வர்றதுக்கு முன்னாலேயே உன் அண்ணன் என்னத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லிட்டாரு: "மாப்ள, நீங்க வாயத் தொறக்காதீக. நான் பேசிக்கிறேன்." நான் சரின்னேன்.

அவர் காரை ஒரு சுத்து சுத்திட்டு, "ஆயில் லீக் ஏதாச்சும் இருக்குங்களா?"ன்னு கேட்டாரு.

உன் அண்ணன், "ஒரு சொட்டு கிடையாது"ன்னாரு.

"மே பதினெட்டு"ன்னேன் நான்.

"பதினெட்டாந்தேதி சர்வீஸ் பண்ணீங்களா?"

அங்கதான் ஆரம்பிச்சுச்சு. நான் குனிஞ்சு மே மாசத்த வெளிய இழுத்துக் காட்டிட்டு, இருந்த எடத்துலயே திருப்பி வச்சேன். அப்புறம் ஆகஸ்ட் எப்படி நின்னுச்சுன்னு சொன்னேன். நவம்பரை ஏன் நம்பக் கூடாதுன்னு சொன்னேன். சூடாகுற வரைக்கும் மூணாவது கியர் மொறைச்சுக்கிட்டு நிக்கும், வலது பக்கம் முழுசாத் திருப்புனா ஹாரன் தானா அடிக்கும், கூட்டத்துல போறப்ப அது வசதிதான்னு சொன்னேன். ஒழுகாம அடைக்குற கேஸ்கட் எங்கயும் கெடைக்காம, ஆப்செட் மெஷின்ல உருளையைச் சுத்தி இருக்குற பழைய ரப்பர் சீட்ட நீ கத்திரிக்கோலால வெட்டிப் போட்டதச் சொன்னேன். "எங்க வீட்டுக்காரி போட்டது, ரெண்டு வருஷமா அது மட்டும்தான் ஒழுகல"ன்னேன். உன் அண்ணன் இருமினாரு. செருமினாரு. என் கால மிதிச்சாரு. கால எடுங்க மச்சான்னுட்டு மேல பேசுனேன். ஒன்றரை மணி நேரம். கோயம்புத்தூர்க்காரர் முதல்ல குறிப்பு எழுதுனாரு, அப்புறம் பேனாவ மூடிப் பையில வச்சுக்கிட்டுச் சும்மா கேட்டாரு.

கடைசியில டார்ச்ச அணைச்சாரு. "தம்பி, இத நீங்க விக்கறீங்களா, இல்லீங்களா?"

"இல்லீங்க"ன்னேன்.

எட்டு மாசத்துல நான் சொன்ன முதல் 'இல்ல' அதுதான். சொன்ன பெறகுதான் எனக்கே தெரிஞ்சுச்சு.

அவர் காபி குடிச்சுட்டு, "அந்த ரப்பர் யோசனை அருமைங்க"ன்னு சொல்லிட்டுக் கெளம்பிட்டாரு. கேட்டைச் சாத்துனதும் உன் அண்ணன் ஆரம்பிச்சாரு.

"ஏன் மாப்ள, விக்க நிக்கிற வண்டிக்கு இம்புட்டு நோய் சொல்லுவாகளா யாராச்சும்? பொண்ணு பாக்க வந்தவுககிட்ட, பொண்ணுக்கு வயித்தால போகுதுன்னு சொல்ற மாதிரியில்ல இருக்கு!"

"கேட்டாரு, சொன்னேன்."

"எட்டு மாசமா நான் ஒங்கள ஒரு வார்த்தை பேச வைக்கப் படாத பாடு பட்டேன். பேசுனீக, சந்தோசம். அத அந்தாளு பஸ் ஏறுன பெறகு பேசக் கூடாதா?"

நான் காருக்கு அடியில போயிட்டேன். அவருக்கு இன்ஜினை ஓட்டிக் காட்டுன சூட்டுல பதினெட்டாந்தேதி மேல புதுச் சொட்டு விழுந்திருந்துச்சு. மல்லாக்கப் படுத்து, போல்ட்டப் பாத்துக்கிட்டே கைய வெளிய நீட்டுனேன். நெனச்சு நீட்டல. காருக்கு அடியில படுத்தா என் கை அதுபாட்டுக்கு வெளிய போகும், உள்ளங்கை மேல பாத்து விரிஞ்சு நிக்கும். நான் நம்பர் சொன்னதே இல்லை. வேணுங்கிற ஸ்பேனர் வந்து கையில ஒக்காரும். உன்கிட்டருந்து எனக்கு மிச்சம் இருக்குறதுல பத்திரமா இருக்குறது அந்தக் கை நீளுறதுதான்.

கொஞ்ச நேரம் ஒண்ணும் வரல. நான் எடுக்கவும் இல்ல. அப்புறம் உன் அண்ணன் செருப்பு சரட்டுச் சரட்டுன்னு பக்கத்துல வந்து நின்னுச்சு. டூல்ஸ் பெட்டி உருளுற சத்தம். கனமா ஒண்ணு உள்ளங்கையில விழுந்துச்சு.

"இது பதினேழாம் நம்பர் ஸ்பேனர் மச்சான்."

"எனக்கென்ன தெரியும்? எல்லாம் இரும்புதான. இந்தா."

"இது ப்ளையர்."

"இது?"

"இது டயர் லிவர் மச்சான்."

"ஒங்க வாயத் தொறந்து நம்பரச் சொன்னா என்னவாம்?"

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. படுத்துக்கிட்டே சிரிச்சதுல கண்ணுத் தண்ணி காதுக்குள்ள எறங்குச்சு. நாலாவதா வந்ததும் எனக்கு வேண்டிய பத்தாம் நம்பர் இல்ல.

கைய நான் உள்ள இழுக்கல. "அடுத்தது குடுங்க மச்சான்"னேன்.