முத்துராணி வீட்டுக்குப் போன கதவு

சேரன்மகாதேவி
11.2.2024

நிலோஃபர் வாப்பாவுக்கு, அலிமா பீவி ஸலாம் சொல்லி எழுதுவது.

அல்லாஹ் காவலில் நானும் மகளும் இருக்கிறோம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்றுதான் தெரியவில்லை. நான்கு மாதமாக உங்கள் போன் அணைந்தே கிடக்கிறது. கம்பெனிக்குப் போட்டால் அப்படி யாரும் இல்லை என்கிறார்கள். பேட்டை ஆமிர் இந்த வாரம் சவூதிக்கு, தம்மாம் போகிறார். நீங்கள் கடைசியாகச் சொன்ன முகவரியில் தேடிப் பார்க்கிறேன் என்றார். அவர் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன்.

டிசம்பர் மழையில் ஆறு நம் தெருவுக்குள் வந்துவிட்டது. நிலோஃபரைத் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றேன். எதிர்வீட்டு முத்துராணிதான் தன் வீட்டை அப்படியே போட்டுவிட்டு வந்து, பிள்ளையைத் தோளில் ஏற்றிப் பள்ளிக்கூட மாடியில் சேர்த்தாள். திரும்பிப் போனால் அவள் வீட்டில் கதவுகூட இல்லை. நம் வீட்டில் பின்சுவர் விழுந்திருந்தது. மீதியும் நிற்காது, இடித்துவிடுங்கள் என்று பார்க்க வந்த அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள்.

போன வாரம் இடித்தோம். உங்களைக் கேட்காமல் செய்துவிட்டேன். எங்கே கேட்பது? தேக்குக் கதவும் மூன்று ஜன்னலும் ஓடுகளும் மிஞ்சின. பழைய சாமான் எடுப்பவர் லாரியோடு வந்தார். முத்துராணி வாசலில் கதவுக்குப் பதில் சேலை தொங்கியது. அவள் மகள் வயதுக்கு வந்த பெண். அதைப் பார்த்துக்கொண்டே நம் கதவை லாரியில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. கதவை அவளுக்குக் கொடுத்தேன். தார்ப்பாயின் கீழ் கிடந்த பூதலிங்கம் அண்ணாச்சிக்கு ஓடுகள். ஜன்னல்களைத் தெருவில் தேவைப்பட்டவர்கள் கொண்டுபோனார்கள்.

கதவை மாட்டிய அன்று முத்துராணி அழுதாள். "ஏக்கா, எல்லாத்தையும் கொடுத்துட்டீகளே, அண்ணன் வந்தா எதை வச்சு வீடு கட்டுவீக?" என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, ரெண்டு பேரும் இங்கனயே இருங்க" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். அங்கேதான் இருக்கிறோம். நான் தொழுவதற்காகச் சாமி படத்தை அடுத்த சுவருக்கு மாற்றியிருக்கிறாள். அண்ணாச்சி வீட்டிலிருந்து மதியம் சோறு வருகிறது.

வாப்பா வந்தா எந்த வீட்டுக்கு வருவாக என்று நிலோஃபர் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

வேலை போயிருந்தால் போகட்டும். சிறையில் இருந்தாலும் சொல்லுங்கள். அங்கே வேறு குடும்பம் இருந்தால் அதையும் சொல்லுங்கள், சண்டைக்கு வர மாட்டேன். எழுத முடியாவிட்டால் ஆமிரிடம் ஒரு வார்த்தை போதும். ஐந்து வேளையும் துஆவில் உங்கள் பெயரை உயிரோடு இருப்பவர்களோடு சேர்த்துத்தான் சொல்லிவருகிறேன். அதை நான் மாற்றிச் சொல்லும்படி வைத்துவிடாதீர்கள்.

உங்கள்
அலிமா