ஆவி வந்தால் ஸ்லாஷர் இல்லை

செவ்வாய், இரவு

லண்டன் மழை. போர்வைக்குள் போன் வெளிச்சம். அம்மாவுக்கு இந்தக் கிழமை முழுக்க முதியோர் இல்லத்தில் இரவு ஷிப்ட். அப்பா பெட்ரோல் நிலையத்தில், வர நடுச்சாமம் ஆகும். அக்கா நிரோசா வெளியே. வீட்டில் நான் மட்டும்.

மீடியா வீட்டுப்பாடம்: ஒரு படத்தை ஸ்லாஷர் என்று சொல்ல என்ன இருக்க வேண்டும்? எங்கள் வீட்டில் பயம் காட்டும் எல்லாமே 'பேய்ப்படம்'. மிஸ்ஸிடம் அது செல்லாது. அவர் சொன்னவை:

– கொல்பவன் மனிதன். ஆவி, பிசாசு வந்தால் ஸ்லாஷர் இல்லை.
– துப்பாக்கி கூடாது. கத்தி, கோடரி. கிட்ட வர வேண்டும்.
– ஒரேயடியாக அல்ல. ஒவ்வொருவராக.
– சாகிறவர்கள் இளம் ஆட்கள். பெரியவர்கள் பக்கத்தில் இல்லை, அல்லது ஒன்றும் தெரியாது.
– கடைசியில் ஒரு பெண் மிஞ்சுவாள்.

என் பக்கத்தில் இருக்கும் ஷரோன் கையை உயர்த்தி, கரண்டியால் கொன்றால் என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. மிஸ் சிரிக்கவில்லை. கரண்டியும் சரிதான், கிட்ட வருவதுதான் முக்கியம் என்றார். எனக்குக் கத்தியைவிடக் கரண்டிதான் இப்போது பயம்.

போன வெள்ளி அவள் வீட்டில் அப்படி ஒரு படம் பார்த்தோம். அம்மாவிடம் கணக்குப் படிக்கிறோம் என்றேன். பாதியில் குஷனால் முகத்தை மூடிவிட்டேன். "எடி, ரத்தம் முடிஞ்சுது, பார்" என்றாள். பார்த்தேன். முடியவில்லை.

காதலனைப் பார்க்க ஒளித்துப் போனவள்தான் முதலில் செத்தாள்.

அக்காவும் அப்படித்தான் போயிருக்கிறாள்.

புதன்

மழை விட்டுவிட்டது. காற்று. பின் வேலிக் கதவு அடித்துக்கொண்டே இருக்கிறது.

அக்கா நேற்று அப்பாவுக்குச் சற்று முன்தான் வந்தாள். அவள் தந்திரம் இது. அப்பா வேலையால் வந்ததும் வாசலில் சப்பாத்துகளைக் கழற்றி வைக்கும் தட்டைப் பார்ப்பார். எங்கள் இரண்டு பேருடைய சப்பாத்தும் இருந்தால் இரண்டு பேரும் வீட்டுக்குள். சங்கிலி போட்டுவிட்டுப் படுத்துவிடுவார். வளர்ந்த பிள்ளைகளின் அறைக் கதவைத் திறக்கமாட்டார். அதனால் அக்கா தன் பிரவுன் சப்பாத்தைத் தட்டில் விட்டுவிட்டு, என் பள்ளிப் பையில் கிடக்கும் பி.இ. விளையாட்டுச் சப்பாத்தோடு போகிறாள்.

"அப்பா சப்பாத்தைத்தான் பாப்பார், ஆளைப் பாக்கமாட்டார்" என்று சிரிக்கிறாள். "நான் பிந்தினா, அவர் படுத்தாப் பிறகு நீ இறங்கிச் சங்கிலியைக் கழட்டிவிடு. என்ன?"

"ஏலாது."

"ஏனடி, பேய் பிடிச்சிடுமோ?"

பேய் என்றால் பயமில்லை. அலுமாரியில் லூர்து தீர்த்தம், மாதா உருவப் போத்தலில். வாசலுக்கு மேல், பிசாசை மிதித்து நிற்கும் மிக்கேல் சம்மனசு படம். எல்லாம் பேய்க்கு. மனிதனுக்கு எங்கள் வீட்டில் அந்தச் சங்கிலி மட்டும்தான்.

வியாழன். உண்மையில் வெள்ளி, விடியவில்லை

எழுத்து கோணல்.

அப்பா வந்தார். தட்டைப் பார்த்தார். சங்கிலிச் சத்தம். கொஞ்ச நேரத்தில் குறட்டை. அக்கா வரவில்லை. நான் இறங்கவில்லை. சங்கிலி இல்லாத கதவோடு கட்டிலில் கிடக்க என்னால் முடியாது.

பிறகு போன். அக்கா. கிசுகிசுப்பு: "திற. ஒருத்தன் பின்னாலை வாறான். ஸ்டேஷனிலையிருந்து."

படத்தில் கீழே இறங்கும் பெண்ணைப் பார்த்து நானும் ஷரோனும் கத்தினோம், போகாதே என்று. இறங்கினேன். விளக்குப் போடவில்லை. ஏன் போடவில்லை?

அக்கா சாவியால் திறந்துவிட்டாள். கதவு ஒரு சாண் திறந்து சங்கிலியில் நின்றது. இடுக்கில் அவள் முகம், பாதி. விரல்கள் உள்ளே.

"சங்கிலி! சங்கிலியைக் கழட்டு!"

கதவைச் சாத்தினால்தான் அந்தச் சங்கிலி கழலும். சாத்த வேண்டும். அவள் முகத்தின் மேல்.

"கையை எடு" என்றேன்.

"சாத்தாதையடி. அம்மாவாணைச் சாத்தாதை."

தள்ளினேன். அவள் மறுபக்கம் தள்ளினாள். என்னைவிடப் பலம். தோளால் இடித்தேன். விரல்கள் போயின. கதவு மூடியது. அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. சங்கிலி கையில் வழுக்கியது. திரும்பத் திரும்ப வழுக்கியது.

திறந்தேன். இருந்தாள்.

எதிர்வீட்டு வேலியோடு ஒருவன். முகமூடி இல்லை. கையில் ஒன்றும் இல்லை, போன் மட்டும். அலுவலகம் போகிறவர்கள் போடும் ஜாக்கெட். எங்கள் வீட்டு இலக்கத்தைப் பார்த்தான். அவசரமே இல்லாமல் நடந்து போனான்.

அக்கா படியில் குந்தியிருந்து அழுதாள். அவளுடைய ஆள் ஏன் வாசல்வரை கொண்டுவந்து விடவில்லை என்று கேட்டேன்.

"விசரி. இந்தத் தெருவிலை கோயில் ஆக்கள் எத்தினை வீடு? பாத்திட்டா? அவன் ஸ்டேஷனோடை திரும்பிடுவான்."

அப்பாவிடம் சொல்லிவிடுவார்களே என்று கோயில் ஆட்களுக்குப் பயந்து இருட்டில் தனியே நடக்கிறாள்.

"அப்பாட்டைச் சொல்லுவம்."

"சொல்லு. பிறகு நான் கம்பஸுக்கும் போகேலாது. உன்னோடை செத்தாலும் கதைக்கமாட்டன்."

அவள் விரல் வீங்கியிருக்கிறது. உறைந்த பட்டாணிப் பையைச் சுற்றிக் கொடுத்தேன். அப்பா எழும்பவே இல்லை.

வெள்ளி, இரவு

வீட்டுப்பாடம் கொடுத்தேன். மிஸ் 'நன்று' என்றார்.

பள்ளிக்கூடத்தால் வரும்போது பஸ் தரிப்பில் அதே ஜாக்கெட். பஸ் வந்தது, அவன் ஏறவில்லை. எங்கள் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தான். சுற்றி, கடைப்பக்கமாக வந்தேன்.

அக்காவிடம் சொன்னேன். "லண்டனிலை ஒரு ஜாக்கெட்டோ இருக்கு?" என்றாள். ஆனால் திரைச்சீலையை இழுத்துவிட்டாள்.

அப்பாவுக்கு இன்று வேலை இல்லை; சாப்பாட்டில் அக்காவின் விரலைக் கண்டார். "என்ன பிள்ளை?" "கார்க் கதவு, அப்பா." "கவனம்" என்றுவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். இவ்வளவுதான். அவருக்கு ஒன்றும் தெரியாது.

மிஸ் சொன்னவற்றில் நாலாவது.

சனி

குளிர். காற்றே இல்லை.

அக்கா திரும்பவும் போய்விட்டாள். "இண்டைக்கு அவனோடை கதைச்சு முடிச்சிட்டு வாறன். கடைசித்தரம்." என் பி.இ. சப்பாத்து. படத்திலும் கடைசித்தரம் என்றுதான் சொல்வார்கள்.

யன்னலால் பார்த்தேன். வேலியோடு யாரும் இல்லை. நின்றிருந்தால் நல்லது என்று முதல்தரம் நினைத்தேன். இங்கே இல்லையென்றால் எங்கே?

அக்காவுக்கு மெசேஜ்: இப்பவே வா. பதில்: சும்மா படு. அதற்குப் பிறகு பதில் இல்லை. அழைத்தேன். மணி போகிறது, எடுக்கவில்லை. அப்பாவுக்கும் அழைத்தேன். வேலையில் அவர் போனை லொக்கரில் வைத்துவிடுவார்.

இப்போது கீழே போய் வந்தேன். எல்லா விளக்கும் போட்டிருக்கிறேன்.

அக்காவின் பிரவுன் சப்பாத்து என் மடியில். தட்டில் அவளுடைய இடம் வெறுமை. வாசலில் கால் வைத்ததுமே அப்பாவுக்குத் தெரியும்.

இனி அக்கா என்னோடு கதைக்கமாட்டாள். கதைக்காமல் இருக்கட்டும். இருக்கட்டும்.

கார் சத்தம். சாவி.

சங்கிலிச் சத்தம் இல்லை. ஒரு சத்தமும் இல்லை. தட்டைப் பார்க்கிறார்.

"நிரோசா எங்கை?"

இன்னும் கோட் கழற்றியிருக்கமாட்டார். கார்ச் சாவி கையில்தான் இருக்கும். ஸ்டேஷனுக்குக் காரில் கொஞ்சத் தூரம்தான். போகிறேன், அப்பாவிடம் சொல்ல.