அந்த ஈமெயில் நான் எழுதியதல்ல

மஸ்கட்,
14.8.1999

அன்புள்ள சண்முகசுந்தரிக்கு,

நான் சுகம். பேட்டையில் நீயும் மாமாவும் அத்தையும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே என் நினைப்பு.

முந்தாநாள் உன் தம்பி உலகநாதன் போனில், “அத்தான், அக்கா ரெண்டு நாளாச் சாப்பிடல. அம்மா வீட்டுலயே இருந்துக்கோ, இனிமே எழுதாதன்னு ஈமெயில் அனுப்ப உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?” என்று கேட்டான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

சுந்தரி, அதை நான் எழுதவில்லை. திங்கட்கிழமை ஆபீஸ் கம்ப்யூட்டரில் என் மெயிலை மூடாமல் சாப்பிடப் போய்விட்டேன். அது என் தப்புதான். இதே ஆபீசில் வேலை பார்த்து என் அறையில் தங்கியிருக்கும் ராதாபுரத்துப் பாபநாசம் அதில் உட்கார்ந்து அடித்து அனுப்பியிருக்கிறான். “வெளையாட்டுக்குத்தான் செஞ்சேன் வே, ஒம்ம வீட்டம்மா ஒடனே ஒமக்குப் போன் பண்ணிச் சிரிப்பாவோன்னு நெனச்சேன்” என்றான். கையை ஓங்கிவிட்டேன்; அடிக்கவில்லை. நேற்று மாமாவிடம் போனில் அவனே ஒப்புக்கொண்டான். மாமா சமாதானமாகிவிட்டார். நீதான் பேச வரவில்லை.

பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். நீயும் தம்பியும் அங்கே உங்கள் மெயிலுக்கும் மாற்றிவிடுங்கள். இனி மனசு கலங்கும்படி மெயிலில் எது வந்தாலும், என் குரலைக் கேட்காமல் நம்பாதே.

ஒன்றுதான் உறுத்துகிறது. நான் அப்படி எழுதுவேன் என்று நீ நம்பிவிட்டாயே! இத்தனை நாள் நான் எழுதியதெல்லாம் அவ்வளவு வறண்டா இருந்தது?

இட்லிப்பொடி தீர்ந்துவிட்டது. கோபம் ஆறாவிட்டாலும் கொஞ்சம் இடித்து அனுப்பு. தம்பியிடம் எழுதக் கொடுக்காமல், மேல்விலாசத்தை உன் கையால் எழுது. கம்பெனி வண்டி வந்துவிட்டது.

உன்,
குமரகுருபரன்